மனையுறை கோழியும் வாத்தும்

தமிழக வரலாற்றில் கோழி என்றவுடன் கற்றோர் நினைவில் முதற்கண் தோன்றுவது சேவலேயாகும். சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பது மறுபெயர். யானையொன்றைச் சேவல் எதிர்த்து வென்ற இடத்தில் அந்நகர் எழுந்தது என்னும் கதையைச் சிலப்பதிகாரம் அறியும். புறநானூற்றில் பிசிராந்தையார், கோப்பெருஞ்சோழனைக் கோழி நகர்க்கு உரியவனாகவே குறிக்கின்றார். அவ்வூர்த் திருக்கோயிலுக்குத் தேவாரத்தில் வழங்கும் மூக்கீச்சரம் என்னும் பெயரும் அக்கோழியின் மூக்கினை நினைந்து எழுந்தது என்பர். முருகனது கொடி சேவற்கொடி. வடதமிழகத்து அரசலாபுரத்திலும் இந்தளூரிலும், பொருது மாய்ந்த சேவல்களுக்கு எடுத்த நடுகற்கள் பழைய எழுத்துப் பொறிப்புடன் கிடைத்துள்ளன. இந்தளூர்ச் சேவலுக்குப் பொற்கொற்றி என்னும் பெயர் இருந்ததும் அக்கல்லால் விளங்குகின்றது. ஆநிரை மீட்டுப் பட்ட மறவனுக்கு எடுக்கும் கல்லை ஒரு பறவைக்கும் எடுத்த மக்களின் மனநிலை தனியே ஆராயத்தக்கது.

இவ்வளவும் சேவலின் புகழே. பேட்டுக்கு நடுகல் இல்லை, கொடியும் இல்லை. பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்னும் பழமொழி ஒன்றுதான் அதற்குக் கிடைத்த பரிசு. அதுவும் பெண்டிர் வாயை அடைத்தற்கு ஆடவர் கண்ட கருவி. ஆயினும் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சினைக் காப்பாற்றி, கோழியினத்தை ஈராயிரம் ஆண்டுகட்கு மேலாகத் தமிழர் மனையில் நிலைநிறுத்தியது பேடேயாகும். அதற்குத் துணைநின்றவள் மனையாட்டி. இன்று இயற்கை முறைக் கோழி வளர்ப்பு என்று புதுவதாகப் பெயரிட்டு அழைக்கப்படுவது, இவ்விருவரும் இடையறாது நடத்திவந்த தொழிலே. அத்தொழிலின் வரலாற்றுக்குச் சான்றுகள் நம் இலக்கியத்தில் சிதறிக் கிடக்கின்றன. போர்ச் சேவலின் ஆரவாரத்தில் அவை கவனிக்கப்படாது போயின. அவற்றைத் தொகுத்து நோக்குதலும், பிற்காலத்தில் வந்து சேர்ந்த வாத்தினை அவற்றோடு வைத்து எண்ணுதலும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் பெயரை நோக்குவோம். கோழி என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். மலையாளத்தில் கோழி என்றே வழங்கும். கன்னடத்தில் கோளி, துளுவில் கோரி, தெலுங்கில் கோடி. ழகரம் கன்னடத்தில் ளகரமாதலும் தெலுங்கில் டகரமாதலும் மொழிநூலார் நன்கறிந்த முறையாதலின், இச்சொல் இம்மொழிகள் பிரிதற்கு முன்னரே இருந்தது எனலாம். ஆனால் பறவையின் வரலாறு வேறு. உலகெங்கும் வளர்க்கப்பெறும் வீட்டுக்கோழி செங்காட்டுக்கோழியின் வழித்தோன்றல். 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதன் பிறப்பிடத்தைத் தென்மேற்குச் சீனம், பர்மா, வடதாய்லாந்து ஆகிய பகுதிகளில் காட்டிற்று. 2022இல் வெளிவந்த எலும்பாய்வு, நடுத்தாய்லாந்தின் பான் நோன் வட் என்னுமிடத்தில் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட கோழி எலும்புகளை ஐயமற்ற பழஞ்சான்றாகக் கொண்டது. நெற்பயிரும் திணைப்பயிரும் பரவிய வழியே கோழியும் மனிதனை அணுகிற்று என்பது அவ்வாய்வாளர் கருத்து. தமிழகத்துக் காடுகளிலோ செங்காட்டுக்கோழி இல்லை. இங்கு வாழ்வது தென்னகத்துக்கே உரிய சாம்பற்காட்டுக்கோழி. எனவே வீட்டுக்கோழி வெளியிலிருந்து வந்தது, பெயர் உள்நாட்டது. காட்டில் வாழ்ந்த பறவைக்கு முன்னரே இருந்த பெயரை மனைக்கு வந்த பறவைக்கும் நம் முன்னோர் இட்டனர் என்று கருதுதற்கு இடனுண்டு.

சங்கப் புலவர் சொல்லாட்சி இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. காட்டுப்பறவையைக் கானக்கோழி என்பர். வீட்டுப் பறவையை மனையுறை கோழி என்பர். இரண்டுக்கும் அடை கொடுத்தே வழங்குதல் பெரும்பான்மை. எந்தப் பறவை என்று வேறுபிரித்துக் காட்ட வேண்டிய தேவை இருந்த காலம் அது. பிற்காலத்தில் வெறுங்கோழி என்றாலே வீட்டுக்கோழி எனப் பொருள்பட்டது. அடை காட்டுக்கோழிக்கு மட்டும் எஞ்சிற்று.

இரண்டு கோழிகளும் எட்டி நின்றே வாழ்ந்தன என்றும் எண்ணவேண்டா. புறநானூற்று 320ஆம் பாட்டில், வேட்டுவன் களைத்துத் துயிலும் முற்றத்தில், மான்தோலின்மேல் பரப்பிய தினையைக் கானக்கோழியும் இதலும் வந்து கவர்ந்துண்கின்றன. மனை முற்றம்வரை காட்டுக்கோழி வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இத்தகைய அணுக்கத்தின் விளைவை இன்றைய அறிவியல் வேறொரு வகையில் கண்டுள்ளது. வீட்டுக்கோழியின் மஞ்சட்காலுக்கும் மஞ்சட்டோலுக்கும் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. சாம்பற்காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008இல் நிறுவினர். உலகச் சந்தைகளில் விற்கும் மஞ்சட்காற் கோழிகளுள் தென்னாட்டுக் கானக்கோழியின் குருதி உண்டு என்பது இதனாற் போதரும். கலப்பு எந்த ஊரில், எந்நாளில் நிகழ்ந்தது என்று அந்தப் பாட்டைக்கொண்டு முடிவு கட்டுதல் மிகையாகும். எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்பதற்கு அஃது ஓர் ஓவியம்.

தொல்காப்பிய மரபியல் தரும் செய்தி இன்னும் நுட்பமானது. பறவைகளில் ஆணைச் சேவல் எனலாம் என்றும், மயிலுக்கு அது பொருந்தாது என்றும் அந்நூல் விதிக்கின்றது. பேடை, பெடை, பெட்டை என்பன புள்ளின் பெண்ணுக்கு வருவன. இவற்றுக்கு மேலாக அளகு என்று ஒரு சொல்லை எடுத்து, அது கோழிக்கும் கூகைக்குமே உரியது என வரையறுத்து, பின்னர் மயிலுக்கும் இசைவளிக்கின்றது. பெண்கோழிக்கெனத் தனிப்பெயர் இருந்தது என்பது கருதத்தக்கது. சிறப்புப் பெயர் பெறும் உயிர் மக்களோடு நெருங்கிப் பழகிய உயிராகும். அளகு இன்று வழக்கொழிந்தது. ஆனால் பொதுச்சொற்களுக்கு நேர்ந்தது இன்னும் சுவையுடையது. எல்லாப் பறவையின் ஆணையும் குறித்த சேவல் இன்று ஊர்வழக்கில் கோழியின் ஆணை மட்டுமே குறிக்கும். ஒட்டகம், குதிரை, கழுதை ஆகியவற்றுக்கும் உரியதாயிருந்த பெட்டை, பறவை என்றால் கோழி என்னும் அளவுக்குச் சுருங்கிற்று. பறவை என்றால் நாட்புறத்தார்க்குக் கண்முன் நிற்பது முற்றத்துக் கோழியே ஆனமையால் நேர்ந்த சுருக்கம் இது.

இளமைப் பெயரிலும் ஒரு மாற்றம் காணலாம். மரபியல் கூறும் ஒன்பது இளமைப் பெயர்களுள் குஞ்சு இல்லை. பறவைக் குழவிக்குப் பார்ப்பும் பிள்ளையும் கூறப்பட்டன. குறுந்தொகையிலும் கோழிக்குஞ்சுகள் பிள்ளை எனப்படுகின்றன. இன்று கோழிக்குஞ்சு அப்பெயரை இழந்துவிட்டது; அதனைக் கவர்ந்துண்ணும் கீரியோ கீரிப்பிள்ளையாகி அப்பெயரைச் சுமந்து திரிகின்றது!

இனி வளர்ப்பு முறைக்கு வருவோம். பட்டினப்பாலையில் ஒரு காட்சி. அகன்ற மனையின் முற்றத்தில் உணவுப்பொருள் உலர்கின்றது. அதனைக் கவர வரும் கோழியை மகளிர் காதிலணிந்த கனத்த குழையைக் கழற்றி எறிந்து ஓட்டுகின்றனர். விழுந்த குழை சிறுவரின் தேருருளையைத் தடுக்கின்றது. உரையாசிரியர்களும் பிற்காலத்தாரும் இதனைக் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகவே காட்டுவர்; அது பொருந்தும். ஆயினும் கோழியின் பக்கம் நின்று இப்பாட்டைப் படித்தால் வேறு செய்திகள் புலனாகின்றன. கோழி கட்டிவைக்கப்படவில்லை, அடைக்கப்படவும் இல்லை. அது தன் இரையைத் தானே தேடுகின்றது. உணங்கும் தானியத்தில் தனக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளுகின்றது. மகளிர் ஓட்டுகின்றனரேயன்றிக் கொல்லக் கருதிலர். இன்றும் நெல் காயும் களத்தில் கையில் கோலுடன் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கும் கோழிக்கும் நடக்கும் உடன்பாடு இதுவே. குழைக்குப் பதில் கோல்.

மற்றோர் இரை நிலம் குப்பை. குறுந்தொகை 305ஆம் பாட்டின் ஆசிரியர் இயற்பெயர் மறைந்து, தாம் ஆண்ட உவமையாலேயே குப்பைக்கோழியார் எனப்படுகின்றார். குப்பைமேட்டில் விலக்குவாரும் ஏவுவாருமின்றித் தாமே பொருது தாமே ஓயும் கோழிகளின் சண்டையைத் தலைவியின் காமநோய்க்கு அவர் உவமையாக்கினார். அரங்கில் நடத்தும் சேவற்போர் வேறு. குப்பையிற் பொரும் போர் வேறு என்பதனை அவர் நன்கறிந்திருந்தார். நமக்கு வேண்டுவது குப்பை. சாணமும் சாம்பலும் வைக்கோற் கூளமும் மட்கும் இடத்தில் புழுவும் வண்டும் பெருகும். அவற்றைக் கிளறித் தின்னும் கோழிக்கு ஊன்சத்து அங்கிருந்தே கிடைத்தது. உழவனுக்கோ, கிளறிய குப்பை விரைந்து மட்கி எருவாயிற்று. பெரும்பாணாற்றுப்படை, மருதநிலத்து ஊரில் பாணர் பெறும் விருந்தைச் சொல்லுமிடத்து, வெண்ணெற் சோற்றோடு மனையில் வாழும் அளகின் பொரியலையும் சேர்க்கின்றது. அங்கும் மனை என்னும் அடை விடப்படவில்லை. விருந்துக்கு அடிக்கப்பட்டது பேடு என்பதும் நோக்கற்பாலது.

இம்முறையில் உணவுச்செலவு இல்லை. ஆனால் இழப்பு உண்டு. இழப்பின் பெயர் வெருகு. குறுந்தொகையில் இரண்டு பாட்டுகளை அருகருகே வைத்து நோக்குக. 107ஆம் பாட்டில், துயில் கலைத்துக் கூவிய சேவலை நோக்கித் தலைவி சினந்து, நள்ளிரவில் வீட்டெலியைத் தேடித் திரியும் வெருகின் குட்டிக்கு நீ இரையாகுக என்று வைகின்றாள். 139ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. மாலை நேரத்தில் வேலியருகே வெருகு வருகின்றது. குறுங்கால் பேடை அச்சமுற்றுக் கதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கின்றது. குஞ்சுகளோ புகுமிடம் அறியாமல் ஒருங்கே குழுமி நிற்கின்றன. ஊரில் எழும் அம்பலுக்கு உவமையாக வந்த இக்காட்சியில் புலவரின் கண் எவ்வளவு கூர்மையாகக் குஞ்சுகளின்மேல் நின்றிருக்கின்றது என்பதை உணர்தல் வேண்டும். தாய்க்கோழிக்கு ஆபத்தைக் குறிக்க ஒரு குரல், இரை கண்டபோது வேறொரு குரல், குஞ்சைச் சிறகுக்குள் அழைக்கப் பிறிதொரு குரல் உண்டு. வளர்த்தவர்க்கே அது தெரியும். மாசாத்தியார் பெண்பாற் புலவர். முற்றத்தை நாள்தோறும் கண்டவர் பாடிய பாட்டு இது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இவையனைத்தினும் மேலாக யான் மதிப்பது தங்கால் பொற்கொல்லனார் பாடிய புறநானூற்று 326ஆம் பாட்டு. மறக்குடியின் விருந்தோம்பலைப் பாடவந்த புலவர் ஊரின் இரவினை முதலில் வரைகின்றார். பழைய வேலியின் ஓரமாக வெருகு பதுங்கி நடக்கின்றது. இன்னும் ஈனாத இளம்பேடை அதனை அஞ்சி உயிர் நடுங்கி அலறுகின்றது. அவ்வேளையில் பஞ்சின் செற்றையைப் புடைப்பதற்காகத் துயிலெழுந்த பருத்திப் பெண்டு ஒருத்தியின் சிறு விளக்கு அங்கே எரிகின்றது. அவ்வொளியில், முருக்கம்பூப் போன்ற கொண்டையையுடைய சேவலைக் கண்டு பேடை அச்சம் தணிகின்றது.

இச்சிறு காட்சியில் ஒரு குடியின் பொருளியல் அடங்கியுள்ளது. பருத்தி நூற்கும் பெண் பெரும்பாலும் கணவனை இழந்தவள் அல்லது துணையற்றவள் என்பது சங்க நூற்பயிற்சி உடையார் அறிந்தது. இரவிலும் உழைப்பவள் அவள். அவள் விளக்கொளி படும் எல்லைக்குள் கோழி தங்குகின்றது. இறப்பிலோ திண்ணைப் பரணிலோ உள்மூலையிலோ அதற்கு இடம் இருந்திருத்தல் வேண்டும். தனிக்கூடு இருந்ததாகப் பாட்டில் இல்லை. நிலமும் ஆநிரையும் ஆடவர் கணக்கில் நின்ற காலத்தில் நூலும் கோழியுமே அத்தகையாள் கையில் நின்ற பொருள்கள் எனத் தோன்றுகின்றது. இப்பழைய நிலை அண்மைக்காலம்வரை நம் சிற்றூர்களில் மாறவில்லை. ஆடு மாடு விற்ற பணம் கணவன் மடியில் சேரும். முட்டை விற்ற காசு மனைவியின் சுருக்குப்பைக்குள் போகும். கோழியில்லாத வீட்டினள் ஒரு பேட்டினை மற்றொருத்தியிடமிருந்து வாரத்துக்கு வாங்கி வளர்த்து, குஞ்சுகளில் பாதியைத் திருப்பித் தருதலும் வழக்கம். ஏட்டிலும் எழுத்திலும் ஏறாத இந்த உடன்படிக்கைகள் பெண்டிர்க்கிடையே நடந்தவை. கல்வெட்டுகளில் கோழியின் கணக்கைத் தேடும் ஆராய்ச்சியாளர் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

இலக்கியம் காட்டாத ஒரு பகுதியை ஊர்வழக்கு நிரப்புகின்றது. அது அடை. நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டைவரை இட்டபின் முட்டையிடுதலை நிறுத்திக் கூட்டைவிட்டு எழாது கிடக்கும். அணுகினால் மயிர் சிலிர்த்து உறுமும். இதுவே அடைக்கோழி. மனையாட்டி இடையிட்ட நாட்களில் முட்டைகளை எடுத்து அரிசிப் பானையிலோ கேழ்வரகுப் பானையிலோ புதைத்து வைத்திருப்பாள். கூடையில் மணலோ உமியோ சாம்பலோ இட்டு வைக்கோல் பரப்பி, ஒற்றைப்படை எண்ணில் 9, 11, 13 என முட்டை வைத்து, இரவில் கோழியை அதன்மேல் அமர்த்துவாள். பகலில் அமர்த்தினால் கோழி இடம் மாறியதை அறிந்து எழுந்துவிடும் என்பது பட்டறிவு. கூடையுள் ஓர் இரும்புத்துண்டும் கரிக்கட்டையும் வைத்தல் இடிக்கு அஞ்சிச் செய்யும் காப்பு. இடியால் கரு கெடும் என்னும் நம்பிக்கை உண்மையாயினும் அன்றாயினும், கரிக்கட்டையால் முட்டைக்குத் தீங்கொன்றும் இல்லை. ஏழாம் நாளளவில் விளக்கின்முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் கருவோடிய நரம்பு தெரியும். தெரியாத முட்டை கூமுட்டை. 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். இடைப்பட்ட நாளெல்லாம் கோழி நாளுக்கொருமுறை எழுந்து இரையுண்டு நீர் குடித்து மீளும். முட்டைகளைத் தானே புரட்டும். முட்டைக்கு வேண்டும் சூட்டையும் ஈரத்தையும் அளந்து தரும் கருவி வேறு வேண்டுவதில்லை.

பொரித்த குஞ்சுக்கு முதலுணவு நொய். பின்னர் கரையான். பழம்பானையில் சாணமும் ஈரச்சாக்கும் ஓலையும் அடைத்து மாலையில் தரையில் கவிழ்த்து வைத்தால் விடியலில் கரையான் ஏறியிருக்கும். அதனைத் தட்டிவிட்டால் தாயும் குஞ்சும் கூடிப் பொறுக்கும். பருந்துக்கும் காக்கைக்கும் அஞ்சி மூங்கிற் பஞ்சாரத்தால் கவித்தலும் உண்டு. பஞ்சாரம் என்னும் அந்தக் கவிப்புக்கூடை, தென்பாண்டிப் பக்கத்தில் இன்றும் எளிதில் காணக்கூடியது. சில திங்கள் சென்றபின் தாயே குஞ்சுகளைக் கொத்தி விலக்கிவிடும். கோழி மிதித்துக் குஞ்சு சாவதில்லை என்பர், கொத்தியும் சாவதில்லை. அடுத்த ஈட்டுக்கு அது ஆயத்தமாவதன் அடையாளம் அக்கொத்து.

இம்முறையைப் புகழ்வார் சிலர் நோய்க்கும் மருந்து வேண்டா, கீழாநெல்லியும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் போதும் என எழுதுகின்றனர். அக்கூற்றை யான் ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மைக் கொப்புளத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுதல் புண்ணுக்கு இதம் தரும். வெள்ளைக்கழிச்சலோ ஒரே வாரத்தில் ஊர்க்கோழி முழுவதையும் வாரிக்கொண்டு போவது. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் கண்டறியப்பட்ட இந்நோய் இந்தியாவில் இராணிக்கேத்து நோய் எனப் பெயர் பெற்றது. தடுப்பூசியே இதற்குக் காப்பு. முற்றத்தில் மேயவிடுதலுக்கும் ஊசியிடுதலுக்கும் முரண் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் கோழி வளர்ப்பில் நேர்ந்த பெருமாற்றம் அடையைப் பற்றியதே. வெள்ளை லெக்கார்ன் முதலிய இனங்கள் ஆண்டுக்கு 300 அளவில் முட்டையிடும். நாட்டுக்கோழி அதிற் கால்பங்கும் இடாது. அடைக்கிடக்கும் காலமும் குஞ்சு வளர்க்கும் காலமும் முட்டையில்லாக் காலமாதலின், அடைகிடக்கும் இயல்பையே தலைமுறை தலைமுறையாகக் களைந்து அவ்வினங்களை உருவாக்கினர். பொரித்தல் பொறியின் வேலையாயிற்று. நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளில் உள்ள இலட்சக்கணக்கான கோழிகளுள் தாயின் சிறகடியில் பொரித்தது ஒன்றேனும் இராது. அங்கு அடை ஒரு குறை. நம் ஊர்ப்பெண்டிரும் வேண்டாத அடையைத் தெளிவித்தல் உண்டு. கோழியை நீரில் முக்கியெடுப்பர், மூக்கில் இறகு செருகுவர். அது ஒரு பருவத்துக்கான தடை. பண்ணையாளர் செய்தது இயல்பின் வேரைப் பறித்தலாகும். மலிவான முட்டை ஏழையின் வாய்க்கு எட்டியது அதன் பயன். அதனை மறுத்தல் நேர்மையன்று. கூடவே, குஞ்சு வேண்டுவார் பொரிப்பகத்தில் விலைக்கு வாங்கவேண்டியதாயிற்று. பேடு தன் குலத்தைத் தானே பெருக்கியவரை, துணையற்ற ஒருத்திக்கு ஒரு கோழியே முதலாக இருந்தது. அந்த முதல் இன்று பொரிப்பகத்தார் கையில்.

அடையை இழத்தல் மனைப்பறவைகளில் இதற்கு முன்னரும் நிகழ்ந்ததுண்டு. வாத்து அதற்குச் சான்று.

வாத்து தமிழர் மனைக்குப் பிந்தி வந்தது. நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலில் குறுங்கால் அன்னம் உலவக் காண்கிறோம். அது மன்னர் வீட்டு அணி. உழவர் மனையில் கோழிக்கு இணையாக வாத்தினை வைத்துப் பாடும் வழக்கம் சங்க நூல்களில் இல்லை. சொல்லும் அதனையே காட்டுகின்றது. ஈழத்தார் தாரா என்பர், மலையாளத்தில் தாராவு. தமிழகத்து வாத்து என்னும் சொல்லைப் போர்த்துக்கேசியரின் பாத்தோ என்பதன் திரிபென்பாரும், பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த பத் என்பதன் திரிபென்பாரும் உளர். தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒலிப்புடைப் பகரத்துடன் பாத்து என வழங்குதல் கருதத்தக்கது. அத்தகைய பகரம் தமிழில் வகரமாதல் உண்டு. தெலுங்கின் பண்டி தமிழில் வண்டி. போர்த்துக்கேசிய வல்லினப் பகரமோ பாதிரி, பப்பாளி என்றாற்போலப் பகரமாகவே நிற்கும். ஆதலின் வடக்கிலிருந்து தெலுங்கு வழியே இச்சொல் வந்தது என்பதே எனக்கு உடன்பாடு. இத்தகைய சொல்லாய்வில் விழிப்பு வேண்டும். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை; 1492க்கு முன்னர் இந்நாட்டார் அதனைக் கண்டிருத்தல் இயலாது. ஒளவையார் பெயரால் வழங்கும் மூதுரையிலோ மயிலைப் பார்த்து ஆடும் வான்கோழி வருகின்றது. செய்யுள் பிற்காலத்ததா, அன்றி வான்கோழி அன்று வேறொரு பறவையின் பெயரா என்பதை முடிவு செய்யாமல் அந்நூலுக்குக் காலம் வகுத்தல் கூடாது.

வாத்து வளர்ப்பு முற்றத்தொழிலாக மட்டும் இராது, மேய்ச்சல் தொழிலாக வளர்ந்தது. அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த நெல்லும் நத்தையும் பூச்சியும் உணவாதலின், மேய்ப்பர் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஊர் ஊராக ஓட்டிச் செல்வர். ஆரணிப் பக்கத்திலும் காவிரிப்பாசனப் பகுதியிலும் குட்டநாட்டிலும் இது நெடுநாளைய தொழில். இரவில் வயலோரத்தில் வலைவேலி கட்டி அடைப்பர். வாத்து வைகறையில் முட்டையிடும் இயல்பினதாதலால் திறந்துவிடுமுன் முட்டைகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். வயலுக்கு எரு, வாத்துக்கு இரை என்னும் கொடுக்கல் வாங்கல் இங்கும் உண்டு. இந்நாடோடி வாழ்வின் இடரும் பெரிது. 2014இல் குட்டநாட்டில் பறவைக்காய்ச்சல் வந்தபோது பெருந்தொகையான வாத்துகளை அழிக்க நேர்ந்தது.

இவ்வாறு ஓயாது இடம்பெயர்ந்து, நாடோறும் முட்டை பறிகொடுத்து வாழ்ந்த வாத்து அடைகிடக்க மறந்தது. மணிலா வாத்து எனப்படும் தென்னமெரிக்க இனம் ஒன்றே தன் முட்டையில் தானே 35 நாள் கிடக்கும். மற்றவற்றின் முட்டைக்கு நம் ஊர்ப்பெண்டிர் கண்ட வழி, அடைக்கோழியின் அடியில் வைத்தல். வாத்து முட்டை பருத்ததாதலின் எண்ணிக்கையைக் குறைத்து வைப்பர். கோழியால் அதனை எளிதில் புரட்ட இயலாது என்று நாடோறும் கையால் புரட்டுவர். நீர்ப்பறவையின் முட்டைக்கு ஈரம் மிகுதியும் வேண்டும் என்று பிற்பாதியில் வெந்நீர் தெளிப்பர். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்துக்கு 28. அந்த ஏழு நாளையும் பொறுத்துக்கொண்டு கோழி கிடக்கும். பொரித்த குஞ்சுகள் சில நாளில் குட்டையைக் கண்டவுடன் நீரில் இறங்கும். கோழி கரையில் நின்று, வெருகைக் கண்டபோது கூவிய அதே குரலில் அவற்றை அழைக்கும். குஞ்சுகள் வயிறு நிறைந்த பின்னரே கரையேறும்.